பட்டன் மாஸ்டர் பார்க்காத முகம்

ஏழு வாரம் அந்தப் படம் என் மேசையில் இருந்தது. அதில் இருந்தவருடைய மூக்கை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பட்டனைப் பார்த்தேன், காலரைப் பார்த்தேன், தோளில் தொங்கிய குஞ்சத்தின் இழைகளை லென்ஸ் வைத்து எண்ணினேன். மூக்கை விட்டுவிட்டேன். ஊரில் என்னைப் ‘பட்டன் மாஸ்டர்’ என்று கூப்பிடுவார்கள். ரொம்ப நாள் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்தொரு வருடம் ராணுவத் தையற்கூடத்தில் கட்டிங் மாஸ்டராக இருந்தவன் நான். ஓய்வு பெற்றதும் சும்மா உட்காரப் பிடிக்காமல், பழைய சீருடையை வைத்து ஆளை அடையாளம் சொல்லும் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டேன். பெட்டியடியில் கிடந்த புகைப்படம், பூச்சி அரித்த கோட்டு, கைப்பிடி உடைந்த வாள் என்று யாராவது எதையாவது தூக்கிக்கொண்டு வருவார்கள். எந்தப் படை, எந்த வருடம், என்ன பதவி என்று சொல்லி அனுப்புவேன். முன்னாள் ராணுவத்தினர் நடத்தும் மாத இதழில் ‘இந்தச் சட்டை யாருடையது?’ என்று ஒரு பக்கமும் எழுதிவந்தேன். முகம் பொய் சொல்லும், பட்டன் பொய் சொல்லாது என்று அதில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். இந்த வரியைக் கேட்டாலே என் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேம் பொருத்துகிறவள். காலையிலிருந்து சாயங்காலம்வரை முகங்களோடுதான் அவளுக்குப் பிழைப்பு.

படத்தைக் கொண்டுவந்த பெண் வாசலில் நின்று, “மாஸ்டர் இருக்காரா?” என்று கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். பெரிய ரயில் நிலையத்தில் எந்த வண்டி எந்த பிளாட்ஃபாரத்துக்கு வருகிறது என்று சொல்லும் குரல். குரலுக்குப் பின்னால் நாற்பது வயதில், ஒல்லியாக, கைப்பையை மார்போடு அணைத்துப் பிடித்தபடி ஒரு பெண் இருப்பாள் என்று நான் நினைத்ததே இல்லை.

“வண்டி தாமதம்னு சொல்லித் தினமும் ஊர்பூரா திட்டு வாங்கறது நீதானாம்மா?” என்றேன்.

“நானேதான் மாஸ்டர். லேட்டா வர்றது வண்டி, திட்டு எனக்கு. லேட்டா வர்றது வண்டி, திட்டு எனக்கு.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். “மன்னிச்சுக்குங்க. எங்க வேலைல எதையும் ரெண்டு தடவை சொல்லணும். அது வீட்டுலயும் வந்துடுது.”

கைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தாள். உள்ளே உள்ளங்கையில் அடங்குகிற முட்டை வடிவப் படம். தந்தத் தகட்டின் மேல் தீட்டியது, மேலே குவிந்த கண்ணாடி, சுற்றிலும் கறுத்த உலோகச் சட்டம். மங்கிய சிவப்புக் கோட்டு போட்ட ஒரு ராணுவ அதிகாரி. அந்தக் காலத்தில் போருக்குப் போகிறவர்கள் வீட்டில் விட்டுப்போவதற்காக இப்படித் தங்கள் முகத்தை வரையவைத்துக்கொள்வார்கள். இருநூறு வருடப் பழசு என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. வாயில் எச்சில் ஊறியது என்றே சொல்ல வேண்டும்.

அவள் சொன்னதை நான் இங்கே அப்படியே எழுதிவிடுகிறேன். அன்றைக்கு நான் அரைகுறைக் காதோடு கேட்டேன். அதற்குப் பரிகாரமாக இருக்கட்டும்.

நாடு ராணுவத்தின் கையில் இருந்த மூன்று வருடங்களை இங்கே யாரும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. ‘அந்த மூணு வருஷம்’ என்பதோடு சரி. அது முடிந்து இருபது வருடம் ஆகிறது. அந்த வருடங்களில் ஒரு நாள் காலையில் அவளுடைய அப்பாவையும் அண்ணனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அண்ணன் கல்லூரி மாணவன், வயது பத்தொன்பது, ஏதோ துண்டுப்பிரசுரம் கொடுத்தானாம். அப்பா பழைய ஓவியங்களைச் சீர்செய்கிறவர். பிள்ளையைப் பெற்றதுதான் அவர் செய்த குற்றம். பதினொரு மாதம் கழித்து அப்பா மட்டும் திரும்பி வந்தார். அண்ணன் வரவில்லை. எங்கே வைத்திருந்தார்கள் என்று அப்பாவுக்கே தெரியாது. போகும்போதும் வரும்போதும் கண்ணைக் கட்டியிருந்தார்கள்.

“அங்கயும் அவர்கிட்ட வேலை வாங்கினாங்களாம் மாஸ்டர். அங்க பெரிய அதிகாரிக்குப் பழைய படங்கள் சேக்கற ஆசையாம். மத்தவங்களுக்கெல்லாம் ராப்பகலா கண்ணுல கட்டு. அப்பாவுக்கு மட்டும், படத்தைச் சரிபண்றப்போ அவுத்துவிடுவாங்களாம். அவ்வளவுதான் சொன்னார். வந்தப்புறம் வெயில் காலத்துலயும் ஸ்வெட்டரைக் கழட்ட மாட்டார். போன மாசம்தான் தவறிட்டார்.”

“கடைசியா ஏதாவது சொன்னாராம்மா?”

“இந்தப் படத்தை என் கைல கொடுத்து, ‘இவன் யாருன்னு கண்டுபிடி, கண்டுபிடிச்சா அண்ணன் எங்கன்னு தெரியும், ஆனா கண்டவங்ககிட்டக் காட்டாதே’ன்னார். எனக்கு வேற எதுவும் வேண்டாம் மாஸ்டர். அண்ணன் எங்க கிடக்கறான்னு தெரியணும். அண்ணன் எங்க கிடக்கறான்னு தெரியணும்.”

இந்தத் தடவை அவள் நாக்கைக் கடித்துக்கொள்ளவில்லை.

இருநூறு வருடத்துக்கு முன்னால் செத்தவனுக்கும் இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் காணாமல் போனவனுக்கும் என்ன சம்பந்தம்? சாகக் கிடந்தவரின் பிதற்றல் என்று முதலில் நினைத்தேன். பிறகு நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். இந்த மாதிரிப் படம் வைத்திருந்த குடும்பம் பெரிய இடமாகத்தான் இருக்கும். அவர்களில் யாரோ அந்த மூன்று வருடத்தில் அதிகாரத்தில் இருந்திருக்க வேண்டும். படத்தில் உள்ளவரின் வம்சத்தைப் பிடித்தால், படம் சேர்த்த அதிகாரியைப் பிடித்துவிடலாம். கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. “கவலைப்படாதேம்மா, பட்டன் பேசும்” என்று தைரியம் சொல்லி அனுப்பினேன்.

பட்டன் பேசத்தான் செய்தது. மார்பில் இரண்டு இரண்டாகச் சேர்த்துத் தைத்த பட்டன்கள், மஞ்சள் காலர், வலது தோளில் மட்டும் ஒற்றைக் குஞ்சம். ஒற்றைக் குஞ்சம் என்றால் கேப்டன். மஞ்சள் காலரோடு இரட்டைப் பட்டன் போட்டது ஒரே ஒரு காலாட்படை, அதுவும் நான்கே வருடம். ஆவணக் காப்பகத்தில் ஐந்து நாள் தூசி தின்று அந்த நான்கு வருட அதிகாரிகள் பட்டியலைப் பிடித்தேன். மூன்று கேப்டன்கள். ஒருவருக்கு ஒரு கண் கிடையாது, ஒருவர் அறுபதைத் தாண்டியவர். மிஞ்சியவர் முப்பத்தொரு வயதில் காய்ச்சலில் போனவர். பெயரைக் கண்டதும் நாற்காலியில் இருந்தபடியே கைதட்டினேன். காப்பகக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

சரியாக வராத சில விஷயங்களும் இருந்தன. அவற்றையும் குறிப்பில் எழுதிவைத்தேன், ஒளிக்கவில்லை. படத்தில் இருந்த ஆளுக்கு நாற்பத்தைந்து வயதாவது சொல்லலாம். வெயிலும் குடியும் முப்பதை நாற்பத்தைந்தாகக் காட்டியிருக்கும் என்று எழுதினேன். கோட்டின் சாயம் மங்கிக் கிடக்க, முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது. யாரோ முகத்தை மட்டும் துடைத்திருக்கிறார்கள் என்று எழுதினேன். இடது தோள் கொஞ்சம் இறங்கி இருந்தது, அந்த இடத்திலும் சாயம் புதுசு. ஓவியருக்குக் கை தவறிவிட்டது என்று எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் கைவசம் இருந்தது. கெட்டிக்காரனுக்கு அதுதான் வியாதி.

அடுத்த வேலை, கேப்டனின் வம்சத்தைத் தேடுவது. என் இதழில் படத்தைப் போட்டுக் கேட்கலாம் என்று அவளிடம் சொன்னேன். அவள் முகம் சுருங்கியது.

“கண்டவங்ககிட்டக் காட்டாதேன்னு அப்பா சொன்னாரே மாஸ்டர்.”

“இருநூறு வருஷம் முந்திச் செத்தவன்மா. அவன் எழுந்து வந்து சண்டை போடுவானா?”

அவள் படத்தின் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தாள். பிறகு, “சரி மாஸ்டர், உங்களுக்குத் தெரியாததா” என்றாள். ஒரு தடவைதான் சொன்னாள். நான் படத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டதும், கைக்குட்டையில் சுற்றித் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

இதழ்க்காரர்களுக்கு என் பட்டன் விளக்கத்தில் அக்கறை இல்லை. பட்டனை எல்லாம் வெட்டிவிட்டு, முகத்தை மட்டும் பெரிதாக்கி முழுப் பக்கத்துக்குப் போட்டுவிட்டார்கள். ‘இவரைத் தெரியுமா?’ என்று மேலே கொட்டை எழுத்து, கீழே என் விலாசம். வயிறெரிந்து ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன், அதைத் தபாலில் சேர்ப்பதற்குள் ஆள் வந்துவிட்டார்.

இதழ் வந்த நாலாம் நாள் காலை பத்து மணி. மனைவி கடைக்குப் போயிருந்தாள். வந்தவருக்கு அறுபத்தைந்தைத் தாண்டியிருக்கும். நிமிர்ந்த நடை, மெல்லிய குரல், உட்காருவதற்கு முன் நாற்காலியைக் கைக்குட்டையால் ஒரு தட்டு. என் கண் போகிற இடத்துக்குத்தான் போயிற்று. சாம்பல் நிறக் கோட்டு. பழசு, ஆனால் என்ன வேலை! கைமுனையில் நாலு பட்டன், நாலு துளைக்கும் கையால் எடுத்த காஜா. இப்போதெல்லாம் கையால் காஜா எடுக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

“அருமையான தையல் சார்” என்றேன்.

“நல்ல மாஸ்டர் ஒருத்தர் தைச்சது. இருபது வருஷத்துக்கு மேலேயே ஆகுது.” சிரித்தார். “உங்க பக்கத்தைப் பாத்தேன். அந்தக் கேப்டன் எங்க வம்சத்து ஆளுன்னு நினைக்கறேன்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏழு வாரத்து உழைப்பு வீடு தேடி வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறதே! இரட்டைப் பட்டனையும் ஒற்றைக் குஞ்சத்தையும் பற்றி அரைமணி நேரம் அவரைப் பிடித்து உலுக்கினேன். பொறுமையாகக் கேட்டார். நடுவில் கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு நுனியில் நிதானமாகத் துடைத்தார். நான் கோட்டு நுனியைப் பார்த்தேன்.

“உங்களுக்கு இடது தோள் இறக்கம் சார். உள்ளே பஞ்சு வச்சுச் சமன் பண்ணியிருக்காங்க.”

துடைத்த கை நின்றது. “பிறவியிலேயே அப்படித்தான். என்னை ஞாபகம் இருக்கா மாஸ்டர்?”

“ஆள் ஞாபகம் இல்ல சார். தோளை மட்டும் எங்கயோ பாத்த மாதிரி இருக்கு” என்று சிரித்தேன்.

“அப்ப சரி” என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “அந்தப் படம் இப்ப யார்கிட்ட இருக்கு?”

சொன்னேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. கேட்ட மாத்திரத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். படம் ஒரு பெண்ணிடம் இருக்கிறது, அப்பா விட்டுப்போனது, ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்கிறவள், காலை ஆறு முதல் மதியம் இரண்டுவரை வேலையில் இருப்பாள், திரும்ப வாங்கிப்போனதிலிருந்து படத்தைக் கைப்பையைவிட்டு இறக்குவதே இல்லை.

“அட, அந்தக் குரலா? தினம் கேக்கறேனே.” எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார். “பாவம், அவங்க அப்பா. அவ்வளவு நுணுக்கமா பிரஷ் பிடிக்கிற கை வேற யாருக்கும் வராது.”

“ஆமாம் சார்” என்றேன். கும்பிடுபோட்டு வழியனுப்பினேன்.

மனைவி பன்னிரண்டரைக்குச் சாப்பிட வந்தாள். நான் நடந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே தட்டு எடுத்துவைத்தேன். அவள் கை கழுவிவிட்டு, மேசையில் கிடந்த இதழைப் புரட்டினாள். அந்தப் பக்கத்தில் நின்றாள்.

“என்னங்க, இவர் கண்ணாடி போடறவர்.”

“கண்ணாடியே இல்லியே, எங்க பாத்தே?”

“கழட்டி வச்சிருக்கார். மூக்கைப் பாருங்க. ரெண்டு பக்கமும் அரிசி அளவுக்கு அழுத்தின தழும்பு. நோஸ் பேட் வைக்கற இடம். எனக்குத் தெரியாதா? தினமும் நூறு மூக்குல பாக்கறேன்.”

“அந்தக் காலத்துலயும் கண்ணாடி இருந்துதுடி.”

“இருந்துது. பேட் இருந்துதா? அந்தக் காலத்துக் கண்ணாடி மூக்குத்தண்டு மேலயே உக்காரும். தழும்பு விழுந்தா நடுவுல விழும். எங்க முதலாளி ஒண்ணு கடைல காட்சிக்கு வச்சிருக்கார், வந்து பாருங்க. பேட் வந்தே நூறு வருஷம் ஆகல.” இதழை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். “இந்தக் கோட்டு எந்தக் காலத்துதோ எனக்குத் தெரியாது. இந்த மூக்கு நம்ம காலத்து மூக்கு.”

முதல் தடவையாக அந்த முகத்தைப் பார்த்தேன். இரண்டரை மணி நேரத்துக்கு முன்னால் எனக்கு எதிரே இருந்த முகம். இருபது வருடம் இளசு, அவ்வளவுதான்.

கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தேனா போட்டேனா தெரியாது. எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. பளிச்சென்ற முகத்தை யாரும் துடைக்கவில்லை. அந்தத் தகப்பன் விடுதலையாகி வீட்டுக்கு வந்து, தன் பட்டறையில் கிடந்த ஒரு பழைய படத்தின் முகத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, கண்கட்டை அவிழ்த்த நேரத்தில் தான் பார்த்த ஒரே முகத்தை அங்கே தீட்டியிருக்கிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும்போது தெரிந்த தழும்போடு. இறங்கிய தோளோடு. புகைப்படம் இல்லாத, பெயர் இல்லாத ஆளுக்கு எதிராக இருந்த ஒரே சாட்சி அது. வீட்டைச் சோதனை போட்டால்கூடப் பழைய படம் என்று விட்டுவிடுவார்கள். மகளிடம்கூட முழுசாகச் சொல்லப் பயந்திருக்கிறார். அதை நான் முழுப் பக்கத்துக்குப் போட்டு, சம்பந்தப்பட்டவனையே வீட்டுக்கு வரவழைத்து, அவள் வேலை நேரத்தையும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவள் அப்பா ஓவியர் என்று நான் வந்தவரிடம் சொல்லவே இல்லை. பிரஷ் பிடிக்கிற கை என்று அவராகத்தான் சொன்னார்.

“என்னங்க, ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?”

“அந்தத் தோள்” என்றேன்.

தையல் மெஷினுக்கு அடியில் இருக்கிற இரும்புப் பெட்டியை இழுத்தேன். என் பழைய அளவு நோட்டுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. எந்தத் தையல்காரனும் அளவு நோட்டைத் தூக்கிப் போடமாட்டான். அந்த மூன்று வருடத்தின் இரண்டாவது நோட்டு. நாற்பது கோட்டு வேண்டும் என்று அப்போது ஓர் உத்தரவு வந்தது. சாம்பல் நிறம், பெயர்ப்பட்டை வேண்டாம், பதவிச் சின்னம் வேண்டாம். அளவு கொடுக்க வந்தவர்கள் பெயரைச் சொல்லவில்லை, ஒவ்வொருவர் கையிலும் ஓர் எண் அட்டை. நான் டேப்பைப் போட்டேன், எண்ணுக்கு நேரே அளவை எழுதினேன். பெயர் இல்லாத கோட்டு எதற்கு என்று கேட்கவில்லை. முகத்தையும் பார்க்கவில்லை. முகம் பொய் சொல்லும் என்று எழுதினேனே, அது அந்த நாட்களில் நான் எனக்கே கற்றுக்கொடுத்த பாடம் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

எண் பதினேழு. மார்பு நாற்பது. இடது தோள் அரை இஞ்சு இறக்கம், பஞ்சு வைக்க.

அந்தப் பக்கத்தின் அடியில் என் கையெழுத்திலேயே இருந்தது, நாற்பது கோட்டும் கொண்டுபோய் ஒப்படைத்த இடம். கால்வாய்த் தெரு, பழைய ஐஸ் ஃபேக்டரி. நானேதான் கொண்டுபோனேன். கேட்டைப் பாதி திறந்து மூட்டையை வாங்கிக்கொண்டார்கள். உள்ளே சுவரோரம் பெல்ட்டுகள் குவியலாகக் கிடந்தன. தோல் பெல்ட், துணி பெல்ட், இடுப்பு சிறுத்த பையன்கள் போடுவது. துணிக்காரன் கண்ணுக்கு அதெல்லாம் தப்பாது. இத்தனை பெல்ட் இங்கே ஏன் கிடக்கிறது, இதையெல்லாம் கட்டியிருந்தவர்கள் எங்கே என்று நான் கேட்கவில்லை. குளிர்க் காற்று முகத்தில் அடித்தது. திரும்பி வந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டேன்.

அண்ணன் எங்கே என்ற கேள்விக்கான விடை இருபத்திரண்டு வருடமாக என் தையல் மெஷினுக்கு அடியில் இருந்திருக்கிறது.

நிலையத்துக்கு போன் செய்தாள் மனைவி. யாரும் எடுக்கவில்லை. “நீங்க கிளம்புங்க, முதல்ல கிளம்புங்க” என்று என் சட்டைப் பட்டனைப் போட்டுவிட்டுத் தள்ளினாள். நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு டாக்ஸி பிடித்தேன். வழியில் கால்வாய்த் தெருவின் முனை வந்தது. ஐஸ் ஃபேக்டரி இப்போது வண்டிகள் நிறுத்தும் இடம். சிமெண்ட் போட்டு மெழுகியிருக்கிறார்கள். நானே எத்தனையோ தடவை அதைக் கடந்து போயிருக்கிறேன்.

நிலையத்துக்குள் நுழையும்போது ஒலிபெருக்கியில் அவள் குரல் கேட்டது. நாலாவது பிளாட்ஃபாரத்துக்கு வரவேண்டிய வண்டி முப்பது நிமிடம் தாமதம். இரண்டு தடவை சொன்னாள். சுற்றி இருந்தவர்கள் வழக்கம்போல் திட்டினார்கள். எனக்கோ அழுகை வந்துவிட்டது. உயிரோடு இருக்கிறாள்.

அறிவிப்பு அறை பிளாட்ஃபாரத்துக்கு மேலே, இரும்புப் படிக்கட்டு ஏறினால் மூன்று பக்கம் கண்ணாடி வைத்த பெட்டி மாதிரி. மூச்சு வாங்க ஏறிக் கதவைத் திறந்தேன். அவள் மைக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில், சாம்பல் கோட்டில், அவர். உள்ளங்கையில் அந்தப் படம்.

“மாஸ்டர்!” அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. “நீங்க சொன்ன மாதிரியே நடந்துடுச்சு. சார் இந்தப் படத்துல இருக்கறவர் குடும்பம்தானாம். அண்ணனை வச்சிருந்த இடமும் இவருக்குத் தெரியுமாம். ரெண்டு மணிக்கு என் வேலை முடிஞ்சதும் கார்ல கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்னு சொல்றார். அண்ணன் இருக்கற இடத்துக்கே கூட்டிட்டுப் போறாராம்.”

சுவர்க் கடிகாரத்தில் இரண்டுக்கு ஆறு நிமிடம் இருந்தது.

அவர் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மூக்கின் இரண்டு பக்கமும் அந்தத் தழும்பு. “வாங்க மாஸ்டர்” என்றார். அவர் பார்வை என் அக்குளுக்குப் போயிற்று. “அளவு நோட்டா? பழசு போல இருக்கே. நீங்களும் வாங்களேன், கார்ல இடம் இருக்கு.”

அவளைத் தனியே கூப்பிட்டுச் சொல்லலாம். கத்தி ஆளைக் கூப்பிடலாம். ஆனால் இந்த அறையில் மூன்று பேர் இருக்கிறோம், மூன்று பேருக்கு மட்டும் தெரிந்தது எங்கள் இரண்டு பேரோடு அழிந்துபோக முடியும். இவருக்கு அது பழக்கமான வேலை. அந்த நோட்டும் காகிதம்தான். ஒரு தீக்குச்சி போதும்.

மேசையில் மைக்குக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு பட்டன் இருந்தது. அவள் பேசும்போது அதை அழுத்திக்கொண்டு பேசுவதைப் படியேறும்போதே கண்ணாடி வழியாகப் பார்த்திருந்தேன். அழுத்தினேன். கீழே ஒலிபெருக்கிகள் ஒரு முறை கரகரத்தன.

“மாஸ்டர், என்ன பண்றீங்க?” என்று அவள் கேட்டது நிலையம் முழுக்கக் கேட்டது.

நோட்டைப் பிரித்தேன். “நான் ராணுவத் தையற்கூடத்து மாஸ்டர்” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல வெளியே இருந்து திரும்பி வந்தது. “அந்த மூணு வருஷத்துல பேர் இல்லாத நாப்பது கோட்டு தைச்சேன். எண் பதினேழு. மார்பு நாப்பது. இடது தோள் அரை இஞ்சு இறக்கம். ஒப்படைச்ச இடம் கால்வாய்த் தெரு, பழைய ஐஸ் ஃபேக்டரி. அங்கதான் ஆளுங்களைக் கண்ணைக் கட்டி வச்சிருந்தாங்க. சுவரோரம் அவங்க பெல்ட்டெல்லாம் கிடந்துது, நான் பாத்தேன். பாத்துட்டு வாயை மூடிட்டு வந்தேன். அந்தப் பதினேழாம் எண் இப்ப இந்த அறிவிப்பு அறைல, என் எதிர்ல உக்காந்திருக்கு. இவர் படம்தான் பத்திரிகைல வந்துது.”

பட்டனைவிட்டு விரலை எடுத்தேன். கீழே, மூட்டை தூக்குகிறவர்கள், டிக்கெட் வரிசை, பெஞ்சில் தூங்கியவர்கள், எல்லாரும் அண்ணாந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் படியேறி வரவில்லை.

அவர் ஓடவில்லை. எழுந்திருக்கக்கூட இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை மெதுவாகப் பார்த்தார். ஆளை அளவெடுக்கும் பார்வை எனக்குத் தெரியாதா?

“நல்லா தைப்பீங்க மாஸ்டர்” என்றார். “பேச மாட்டீங்கன்னு நினைச்சேன்.”

அவள் அவரைப் பார்த்தாள். அவர் கையில் இருந்த படத்தைப் பார்த்தாள். மறுபடி முகத்தை. மூக்கை, தோளை. அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் போன விதத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அதைக் கொடுத்ததும் நான்தான், எடுத்ததும் நான்தான். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அவளுக்கு அண்ணன் இருக்கிற இடத்துக்குப் போக ஒரு கார் இருந்தது.

கையை நீட்டினாள். அவர் உள்ளங்கையிலிருந்து படத்தை எடுத்தாள், அவர் தடுக்கவில்லை. அதைக் கைக்குட்டையில் வைத்துச் சுற்றிப் பையில் போட்டாள். என்னிடமிருந்து நோட்டை வாங்கினாள். நாற்காலியை மைக்குக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, பட்டனை அழுத்தினாள்.

“பயணிகள் கவனத்திற்கு” என்றாள். தினமும் கேட்கிற அதே குரல், கொஞ்சமும் பிசகவில்லை. எண்ணைப் படித்தாள், தோளைப் படித்தாள், தெருவைப் படித்தாள், ஐஸ் ஃபேக்டரியைப் படித்தாள். கடைசியில் நோட்டில் இல்லாத ஒன்றைச் சேர்த்தாள். “அங்கே இருப்பவர் என் அண்ணன். வயது பத்தொன்பது.”

மூச்சை இழுத்துக்கொண்டாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், கோட்டுப் பட்டனைப் போட்டார். நான் கதவை மறைத்துக்கொண்டு நின்றேன். எந்த அறிவிப்பையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

“பயணிகள் கவனத்திற்கு” என்று அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.